மரம் யார் பெயரில்

நைரோபி
10 ஜனவரி 1988

வைரிமுவின் அம்மாவுக்கு,

கமண்டே எழுதுகிறேன். ஆண்டவன் புண்ணியத்தில் நான் சுகம். நீயும், பையன் மச்சாரியாவும், என் சின்ன அம்மாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகளுக்கு என்னைப் பெற்றவளின் பெயரை வைத்த பிறகு அவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளை நன்றாகப் படிக்கச் சொல்.

எனக்கு முழங்கால்தான் கொஞ்சம் தொந்தரவு. ஹோட்டல் வாசலில் நாள் முழுக்க நின்று வெள்ளைக்காரர்களுக்குக் கதவு திறப்பது சும்மா வேலையா? உள்ளே அவர்கள் காலையிலேயே காபி கேட்கிறார்கள். நம் மலையின் காபி என்று சொல்லித்தான் ஊற்றுகிறார்கள். அந்த வாசனை வாசல் வரை வரும். எனக்கு அப்போதெல்லாம் நம் தோட்டம் கண்ணில் நிற்கும்.

இந்த முறை காபிப் பழம் நன்றாக இறங்கியது என்று தம்பி கிச்சுரு சொன்னான். சந்தோஷம். பழத்துக்குக் காபி சொசைட்டி தரும் பணம் இன்னும் பேங்குக்கு வந்து சேரவில்லை. வந்ததும் பார்க்கலாம்.

மேல்பாத்தி மரங்கள் கிழடாகிவிட்டன. விவசாய ஆபீசர் சொன்னபடி மழைக்கு முன்னால் அவற்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடு. கட்டையிலிருந்து புதுத் துளிர் வரும், இரண்டு வருடத்தில் இளமரம்போலக் காய்க்கும். நடுவில் பீன்ஸ் கீன்ஸ் என்று எதையும் ஊன்றாதே. போன வருடம் நீ ஊன்றி, ஆபீசர் அதைப் பிடுங்கி எறிந்து, மானம் போனது எனக்கு.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் கணவன்,
கமண்டே


கியாங்கிமா, மராகுவா
31 ஜனவரி 1988

வைரிமுவின் அப்பாவுக்கு,

நியோகாபி எழுதுகிறேன். உங்கள் முழங்காலை நினைத்து இன்று சர்ச்சில் வேண்டிக்கொண்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மச்சாரியாவுக்குச் சளி, இப்போது பரவாயில்லை. வைரிமு படிக்கிறாள். சின்ன அம்மா என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டியதும் தம்பியை அதட்ட ஆரம்பித்துவிட்டாள். பெயருக்குத் தகுந்த குணம்தான்.

கடைசிப் பழத்தையும் பறித்து பாக்டரியில் போட்டாயிற்று. முதுகில் சுமக்கும் மூட்டையின் பட்டை அழுத்தி என் நெற்றியில் விழுந்த தழும்பு இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட மறையவில்லை. பக்கத்து வீட்டு இருங்குவின் அப்பாவுக்குச் சொசைட்டிப் பணம் டிசம்பரிலேயே வந்து, புது ரேடியோ வாங்கிவிட்டார். அதே சொசைட்டி, அதே பேங்க். உங்கள் பணம் மட்டும் ஏன் நடந்தே வருகிறது என்று தெரியவில்லை. அதற்கும் முழங்கால் வலியோ என்னவோ.

வீட்டில் மக்காச்சோளம் தீர்ந்துவிட்டது. ஊரான் நிலத்தில் களையெடுத்து, அந்தக் கூலியில் கடை மாவு வாங்கி வருகிறேன். நம் நிலம் முழுக்க மரம் நிற்கிறது, அடுப்பில் வைக்க அதில் ஒரு கைப்பிடி இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நான் கல்யாணமாகி வந்த வாரம் உங்கள் அம்மா என்னை அழைத்துப் போய், அத்திமரத்திலிருந்து ஓடை வரைக்கும் காட்டினார். “இது ஒன் தோட்டம். என் மவன் வீட்டுக்கு இதுலேர்ந்துதான் நீ சோறு போடணும்” என்று மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். உங்களுக்கும் நினைவிருக்கும், பக்கத்தில்தான் நின்றீர்கள். அந்தத் துண்டில் பத்துப் பேருக்குச் சோறு விளைந்தது. மச்சாரியாவைப் பெற்று நான் படுத்திருந்தபோது நீங்கள் அங்கேயும் காபி வைத்தீர்கள். எழுந்து வந்து பார்த்தால் வரிசை வரிசையாகக் குச்சி நட்டிருக்கிறது.

அந்தக் கீழ்ப்பாத்தியில் மட்டும், மரங்களுக்கு நடுவில், இந்த மழைக்குப் பீன்ஸ் ஊன்ற அனுமதி தாருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைரிமுவின் அம்மா


நைரோபி
14 பிப்ரவரி 1988

வைரிமுவின் அம்மாவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மச்சாரியாவுக்குச் சளி என்றால் மார்பில் தைலம் தேய்.

உன் கடிதத்தை என்னோடு வேலை செய்பவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பணத்துக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே, எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பீன்ஸ் விஷயத்தில் சிரிக்க முடியாது. காபி மரத்துக்கு நடுவே வேறு பயிர் வைத்தால் குற்றம். மரத்தைச் சேதப்படுத்தினால் அதைவிடப் பெரிய குற்றம். நாட்டுக்கே டாலர் வருவது அதில்தான் என்று ரேடியோவில் தினம் சொல்கிறார்கள். பீன்ஸ் பெண்பிள்ளைகள் சமாச்சாரம். இன்று வெந்தால் நாளை இல்லை. காபி அப்படியா?

அம்மா அன்றைக்கு ஏதோ ஆசீர்வாதமாகச் சொன்னார். நிலப் பத்திரம் ஒன்றே ஒன்றுதான், அதில் என் பெயர் இருக்கிறது. அத்திமரம், ஓடை என்றெல்லாம் பத்திரத்தில் பிரிவு கிடையாது.

கிழட்டு மரங்களை வெட்டிவிட மறக்காதே.

உன் கணவன்,
கமண்டே


கியாங்கிமா
13 மார்ச் 1988

வைரிமுவின் அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். தைலம் தேய்த்தேன். சளி போய்விட்டது.

நீங்கள் சொன்னபடி மரம் வெட்டியாயிற்று. எங்கள் முறைவேலைக் கூட்டம் வந்தது. வியாழன்தோறும் நாங்கள் எல்லோரும் ஒருத்தியின் நிலத்தில் இறங்குவோம் அல்லவா, அந்த வியாழன் என் முறை. மேல்பாத்தியை முடித்தோம். கீழ்ப்பாத்தி மரங்களும் பார்க்கக் கிழடாகத்தான் தெரிந்தன. பேசிக்கொண்டே வெட்டியதில் அங்கே கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. நிறையப் பெண்கள், நல்ல மண்வெட்டிகள்.

விறகுக்கு இந்த வருடம் கவலை இல்லை.

நேற்று முதல் மழை விழுந்தது. வேலை இருக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.

வைரிமுவின் அம்மா


நைரோபி
17 ஏப்ரல் 1988

அன்புள்ள வைரிமுவின் அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். முழங்கால்கூட தேவலை. நீங்கள் மூவரும் சுகம்தானே? மழை நன்றாகப் பெய்வதாகக் கேள்விப்பட்டேன்.

உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. ஊரில் எத்தனையோ பெண்கள் புருஷன் சொல்வதற்கு எதிர்வாய் பேசிக்கொண்டு திரிகிறார்களாம். ராத்திரி ஷிப்டு கரியுகியிடம் சொன்னேன்: “நம்ம வீட்டுல ஒரு வார்த்தைதான்யா. வெட்டுன்னா வெட்டுவா.” அவனுக்குப் பொறாமை.

இனி கவனமாகக் கேள். கட்டைகளில் துளிர் நிறைய வரும். எல்லாவற்றையும் விடாதே. ஒரு கட்டைக்கு நல்ல துளிராக இரண்டோ மூன்றோ வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடு. துளிர் எப்படி வந்திருக்கிறது என்று உடனே எழுது.

உன் கணவன்,
கமண்டே


கியாங்கிமா
12 ஜூன் 1988

வைரிமுவின் அப்பாவுக்கு,

பதில் போடத் தாமதம். மழையும் வேலையும் விடவில்லை. நாங்கள் சுகத்துக்கு மேலேயே சுகம். மச்சாரியாவின் கன்னம் உப்பிவிட்டது. வைரிமு போன வருடத்துச் சீருடைக்குள் நுழைய முடியாமல் தவிக்கிறாள். உங்கள் முழங்கால் எப்படி?

துளிர் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். வந்தது. கீழ்ப்பாத்தியில் பச்சைப் பசேலென்று மண் தெரியாமல் வந்தது. கிள்ள மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிச்சுரு வந்தார். கீழ்ப்பாத்தி ஓரத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு வீட்டுக்குள் வந்து கிதேரி சாப்பிட்டார். பீன்ஸ் தூக்கலாக, மக்காச்சோளம் கொஞ்சமாகப் போட்டு வேகவைத்திருந்தேன். இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கினார். வயிறு நிறைந்த தெம்பில், நகுரு பக்கம் நீங்கள் இருவரும் ஜனவரியில் வாங்கிய நிலத்தைப் பற்றிப் பேசினார். உங்கள் சொசைட்டிப் பணம் அங்கேதான் போனது என்று எனக்குத் தெரியும் என நினைத்துவிட்டார் போல. தெரியாது என்று நான் சொல்லவில்லை.

நல்ல கறுப்பு மண்ணாமே. அங்கே என்ன பயிர் வைப்பதாக எண்ணம்?

வைரிமுவின் அம்மா


நைரோபி
20 ஜூன் 1988

நியோகாபி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. கிச்சுரு எல்லாம் எழுதிவிட்டான். கீழ்ப்பாத்தியில் ஒரு மரம் இல்லையாமே. வெட்டவில்லையாம், வேரோடு பிடுங்கியிருக்கிறீர்களாம். வேரைக்கூட விடாமல் அடுப்பில் வைத்துவிட்டாயாம்.

பதினோரு வருடம் நான் வளர்த்த மரங்கள். குற்றம் என்று எழுதினேன், பெரிய குற்றம் என்று எழுதினேன், உன் காதில் ஏறவில்லை. என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு “கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது” என்று எழுதுகிறாய். நான் அதை வாசித்து ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

நம் ஊர்ச் சீஃபுக்கு எழுதிவிட்டேன். நிலம் என்னுடையது, மரம் என்னுடையது, மெம்பர் நம்பர் இது, என் மரங்களைப் பிடுங்கியவர்கள் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அவர் வந்து கேட்கும்போது பதில் சொல். நகுரு நிலம் ஆண்கள் விஷயம், அதில் உனக்கு வேலையில்லை.

கமண்டே


கியாங்கிமா
10 ஜூலை 1988

அன்புள்ள வைரிமுவின் அப்பாவுக்கு,

நீங்கள் விசாரிக்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நான் சுகம், வைரிமு சுகம், மச்சாரியா சுகம், ஆடு குட்டி போட்டிருக்கிறது. உங்கள் முழங்காலும் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆமாம், பிடுங்கினேன். தெரியாமல் நடந்ததில்லை. அந்த வியாழனுக்கு முந்தின நாள் கடைக்காரன் எனக்கு மாவு கடன் இல்லை என்று சொல்லிவிட்டான். அந்தக் கடைக்கு எதிரே இருங்குவின் அப்பா புது ரேடியோவை மடியில் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருங்குவின் அம்மா என் பின்னால் அதே மாவுக்காக நின்றாள். இருவரும் வெறுங்கையோடு திரும்பி வந்தோம். மறுநாள் மண்வெட்டியை முதலில் போட்டது நான்தான். ஒவ்வொரு மரம் சாயும்போதும் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பதினோரு வருடம் அந்த மரங்களுக்கு மருந்தடித்தேன், பழம் பறித்தேன், மாட்டுச் சாணம் சுமந்தேன். அவற்றின் காபி எப்படி ருசிக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்களாவது வாசனை பிடிக்கிறீர்கள்.

சீஃப் வந்தார். போன வியாழன், நாங்கள் எல்லோரும் பீன்ஸ் செடி பிடுங்கிக்கொண்டிருந்தோம். கூட இரண்டு போலீஸ். கையில் உங்கள் கடிதம்.

“மரத்தைப் புடுங்குனது யாரு?” என்றார்.

“நாந்தாங்க” என்றேன்.

“தைரியத்தப் பாரு. ஜெயிலு தெரியுமா ஒனக்கு? எழுதுய்யா இவ பேர.”

போலீஸ்காரன் என் பெயரை எழுதினான். பிறகு என்னைப் பார்த்து, “பத்திர நம்பர் சொல்லு” என்றான்.

“எனக்கு ஏதுங்க பத்திரம்?”

“சொசைட்டி மெம்பர் நம்பர்?”

“அதுவும் இல்லீங்க. மெம்பர் எங்க வீட்டுக்காரரு.”

“அப்ப இந்த நெலத்துல நீ யாரு?”

“பறிக்கிறவ.”

அவன் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தான். சீஃபுக்கு எரிச்சல். “காபி விவசாயி மரத்தக் காப்பாத்தணும்னு சட்டம் இருக்கு. எழுதுய்யா” என்று கத்தினார்.

“இத்தன வருசமா என்னைய யாரும் விவசாயின்னு சொன்னதில்லீங்க” என்றேன். “பாக்டரியில பழம் போட்டா அவரு பேருல சீட்டு. மருந்து வாங்கப் போனா புருசனக் கூட்டிட்டு வான்னாங்க. மீட்டிங்குக்கு வந்தா வெளிய நில்லுன்னாங்க. இப்ப மரத்தப் புடுங்குனதும் விவசாயி ஆயிட்டேனா?”

இருங்குவின் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “அவரு லெட்டரத்தான் கையில வச்சிருக்கீங்களே. நெலம் யாருது, மரம் யாருதுன்னு அதுலயே போட்டிருக்குமே, படிங்களேன்.”

சீஃப் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தார். நிலம் என்னுடையது, மரம் என்னுடையது, மெம்பர் நம்பர் இது. நீங்கள் அழகாகவே எழுதியிருந்தீர்கள். போலீஸ்காரன் என் பெயரை அடித்துவிட்டு, அதைப் பார்த்து உங்கள் பெயரை எழுதிக்கொண்டான். சம்மன் ஹோட்டல் விலாசத்துக்கு வரும்.

அவர்கள் போகும்போது சீஃப் எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தார். அவருடைய மனைவி தலைத்துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுக் கடைசியில் குனிந்திருந்தாள். பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்த வியாழன் அவர்கள் வீட்டு முறை.

ஒத்தடத்தை விடாதீர்கள்.

வைரிமுவின் அம்மா


நைரோபி
24 ஜூலை 1988

அன்புள்ள நியோகாபிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். எனக்குச் சுகமில்லை. சம்மன் வந்துவிட்டது. மேனேஜர் கையில்தான் முதலில் கிடைத்தது. எல்லோர் முன்னாலும் “நீ காபித் திருடனாய்யா?” என்று கேட்டார். கரியுகி சிரித்தான். ஆகஸ்ட் கடைசியில் கேஸ். தண்டனை என்றால் வேலையும் போய்விடும்.

எனக்குத் தெரியாமல் நீயே செய்தாய் என்று கோர்ட்டில் வந்து சொல். அது பொய்யும் இல்லையே. நீ பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், ஜட்ஜ் உன் மேல் இரக்கப்படுவார். எச்சரித்து அனுப்பிவிடுவார். என்னை அப்படி விடமாட்டார்கள்.

மறைக்க இனி ஒன்றுமில்லை. சொசைட்டிப் பணம் டிசம்பரிலேயே வந்தது. நகுரு நிலத்தில் பங்கு வாங்கினேன். மச்சாரியாவின் நாளைக்காகத்தான் வாங்கினேன். உன்னிடம் சொன்னால் மாவு, சீருடை என்று கேட்பாய் என்று சொல்லவில்லை.

என் சின்ன அம்மா நிஜமாகவே வளர்ந்துவிட்டாளா? போன முறை வந்தபோது அவள் கை குச்சியாக இருந்தது. அதைக் கவனித்தேன். ஒன்றும் கேட்காமல்தான் திரும்பி வந்தேன்.

உடனே பதில் போடு.

கமண்டே


கியாங்கிமா
7 ஆகஸ்ட் 1988

அன்புள்ள வைரிமுவின் அப்பாவுக்கு,

இங்கே சுகம். உங்களுக்கும் சீக்கிரம் சுகம் வரும். மேனேஜர் அப்படிக் கேட்டது எனக்கும் பிடிக்கவில்லை. நீங்கள் திருடரில்லை என்று நான் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

வைரிமு நிஜமாகவே வளர்ந்துவிட்டாள். அவள் கை குச்சியாக இருந்ததைக் கவனித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன். மச்சாரியாவுக்கு நாளை இருக்கிறது, நகுருவில் நிலமும் இருக்கிறது. இவளுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று தேடினேன், கடிதத்தில் இல்லை.

கோர்ட்டுக்கு வருகிறேன். “நான்தான் பிடுங்கினேன்” என்று சொல்கிறேன். இரக்கம் வேண்டாம், ஜெயில் என்றால் ஜெயில். களையெடுக்கவும் பிள்ளைகளுக்குச் சோறு போடவும் முறைவேலைப் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜட்ஜ் ஒன்று கேட்பார்: யார் நிலத்தில் பிடுங்கினாய்? கணவர் நிலத்தில் என்றால், அப்புறம் நான் வெறும் பறிக்கிறவள், வேலையாள் செய்ததற்கு முதலாளிதான் பொறுப்பு. திரும்பவும் உங்கள் பெயருக்கே வரும். போலீஸ்காரனே அதைச் செய்துகாட்டிவிட்டானே.

அதனால் நான் யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். கேஸுக்கு முந்தின புதன்கிழமை முராங்காவில் நில போர்டு கூடுகிறது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். அத்திமரத்திலிருந்து ஓடை வரைக்கும், உங்கள் அம்மா காட்டிய அந்தத் துண்டைப் பிரித்து என் பெயரில் எழுதுங்கள். சாட்சிக்கு இருங்குவின் அம்மா வருகிறாள். சீஃப் போர்டில் உட்காருபவர், அவர் சம்மதிப்பார். இரண்டு வியாழனாக அவர் வீட்டுக் காபி மரங்களிலும் எங்கள் மண்வெட்டி கொஞ்சம் ஆழமாகப் போகிறது, அது அவருக்கும் தெரியும்.

எழுதிவிட்டால், மறுநாள் கோர்ட்டில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வேன்: இது என் தோட்டம், அம்மா கொடுத்தது, இப்போது பத்திரத்திலும் ஏறிவிட்டது, இங்கே என்னைக் கேட்காமல் வைத்த மரத்தை நான்தான் பிடுங்கினேன். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். உங்களை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்களை யாரும் ஒன்றும் கேட்காதது போலவே.

எழுத மனமில்லை என்றால் அதுவும் உங்கள் விருப்பம். அப்போது நிலமும் உங்களுடையது, மரமும் உங்களுடையது, கேஸும் உங்களுடையது. பழியை மட்டும் தனியாகப் பிரித்து என் பெயரில் எழுத முடியாது.

மட்டாட்டு வேன் டிரைவரிடம் ஒரு கியோண்டோ பை நிறையப் பீன்ஸ் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் சின்ன அம்மா தன் கையால் உரித்தது. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் மெதுவாக வேகவிடுங்கள். கரியுகிக்கும் ஒரு தட்டு கொடுங்கள்.

புதன்கிழமை காலை போர்டு திறக்கும்போது வாசலில் நிற்பேன். பேனா என்னிடம் இருக்கிறது.

நியோகாபி